ஸ்டீமில் கில்டு வார்ஸ் 2: பழைய கணக்கு திறக்காததற்குத் தீர்வு

வணக்கம். லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில், ஸ்டீம் என்னும் விளையாட்டு அங்காடி வழியாகக் கில்டு வார்ஸ் 2 இணைய விளையாட்டை நிறுவியபின், 2012 முதல் நீங்கள் வளர்த்த கதாபாத்திரங்களைக் காட்டாமல் புதிய கணக்கு தொடங்கச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவை அழிந்துவிடவில்லை, கவலைப்பட வேண்டாம். 2022இல் ஸ்டீமுக்கு வந்த இவ்விளையாட்டு, ஸ்டீம் கணக்கோடு, விளையாட்டை உருவாக்கிய அரீனாநெட் நிறுவனத்தின் பழைய கணக்கை இணைக்க இடந்தருவதில்லை. ஆகவே ஸ்டீமில் விளையாட்டின் பண்புகளில், தொடக்க விருப்பங்களுக்கான கட்டத்தில், சிறுகோடு (-) இட்டு, அதை ஒட்டிப் 'புரொவைடர்' என்றும், ஓர் இடைவெளி விட்டுப் பெரிய முதலெழுத்துடன் 'போர்ட்டல்' என்றும் ஆங்கிலத்தில் (-provider Portal) தட்டச்சிடுங்கள். பழைய மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வரும். விளையாட்டின் கூடுதல் பகுதிகளான விரிவாக்கங்களை மட்டும் ஸ்டீமில் வாங்கிவிடாதீர்கள், அவை பழைய கணக்கில் சேரா. தொடக்கத்தில் காட்சி திக்கித் திக்கி நகர்வது, விண்டோஸின் வரைகலை முறையான டைரக்ட்எக்ஸ் 11 கட்டளைகளை லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்னும் வரைகலை முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே மென்பொருள், ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்களை) தொகுப்பதால் இருக்கலாம். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துச் சற்று நேரம் விளையாடிப் பாருங்கள்.