ஃபீட்பேக் படிவத்தில் 5-க்கு 5, திங்கட்கிழமை லீவு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பயிற்சி வகுப்புகளைப் பற்றியவை. எனக்கு இது சொந்த ஊர் சமாச்சாரம். 2001-இல் வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். கம்பெனிகளில் ட்ரெயினர் என்பார்கள், ஆசிரியர் பயிற்சிகளில் கருத்தாளர், தொண்டு நிறுவனங்களில் ஃபெசிலிடேட்டர். என் மாமியார் கடைசிவரை ‘கிளாஸ் எடுக்கப் போறா’ என்றுதான் சொன்னார்.

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். தலைமைப் பண்பு வளர்க்க என்று இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் மாலை விளக்கை அணைத்து, சோகமான இசை போட்டு, ‘உங்கள் அம்மா இன்று இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்’ என்றார் பயிற்சியாளர். என்னோடு வந்த பெண் மூன்று மாதத்துக்கு முன்தான் அம்மாவைப் பறிகொடுத்தவர். தேம்பித் தேம்பி அழுதார். ‘அழுங்கள், எல்லாம் வெளியே வரட்டும்’ என்றாரே தவிர, நிறுத்தவில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்து கைதட்டினோம். திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. பயிற்சி என்றால் இப்படித்தானா?
— வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை. ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே இசை, அதே இருட்டு, கிட்டத்தட்ட அதே வசனத்தோடு நானும் இதைச் செய்திருக்கிறேன்.

2006 என்று நினைவு. ஓட்டல் ஹால், முப்பது பேர். எனக்கு மூத்த பயிற்சியாளர் ஒருவர் செய்ததைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டேன். ஹாலே அழுதது. ஃபீட்பேக் படிவத்தில் இருபத்தெட்டுப் பேர் 5-க்கு 5 போட்டிருந்தார்கள். நான் மிதந்துகொண்டே சார்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வராண்டாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பகலெல்லாம் ஒரு வார்த்தை பேசாதவர். ‘மேடம், நாளைக்கு ஒருதரம் எனக்கு போன் பண்ணுவீங்களா?’ என்றார். எனக்கு எட்டரைக்குப் பஸ். ‘கண்டிப்பா சார்’ என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். நம்பரை வாங்கிக்கொள்ளவே இல்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. மறுநாள் அந்தக் கம்பெனிக்கு போன் செய்தால், பெயர் தெரியாமல் யாரைக் கேட்பது? அந்தப் பயிற்சியை அதற்குப் பிறகு நான் நடத்தியதில்லை.

ஒருவருடைய துக்கத்தைத் திறந்துவிட்டால் கூட இருந்து மூடத் தெரிய வேண்டும். அது மனநல ஆலோசகரின் வேலை, அதற்கு வாரக்கணக்கில் நேரமும் வேண்டும். ஐந்தரை மணிக்கு ஹாலைக் காலி செய்துவிட்டுக் கிளம்புகிறவர் தொடக்கூடாத இடம். கைதட்டலும் படிவமும் அன்றைய மனநிலையைத்தான் காட்டும். டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொல்லியிருக்கிறார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் பலன் உண்டா. நம்மூரில் முதல் படியிலேயே பில் பாஸாகிவிடுகிறது. அந்தப் படியில் சாப்பாட்டுக்கும் பாதி மார்க் உண்டு.

இந்த மாதிரிப் பயிற்சிகளின் ஆரம்பத்தையும் சொல்ல வேண்டும். 1946 கோடைக்காலம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம். நாஜிகளின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத உளவியலாளர் கர்ட் லெவின், இனப் பாகுபாட்டைச் சமாளிப்பது பற்றி ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் ஒரு பட்டறை நடத்தினார். பகலில் குழு விவாதம். இரவில் அவரும் சகாக்களும் தனியாகக் கூடி, யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறிப்புகளை ஒப்பிடுவார்கள். ஒருநாள் பங்கேற்பாளர்கள் சிலர் ‘நாங்களும் உட்காரலாமா?’ என்று கேட்டார்கள். சகாக்களுக்குச் சங்கடம். லெவின் சரி என்றார். குறிப்பைப் படித்தபோது அதில் வந்த பெண்மணியே குறுக்கிட்டு, ‘அப்படி நடக்கவில்லை, நான் சொல்கிறேன்’ என்று தன் தரப்பைச் சொன்னார். சூடாக விவாதம் நடந்தது. அடுத்தடுத்த இரவுகளில் கூட்டம் சேர்ந்துவிட்டது. லெவின் 1947 பிப்ரவரியில் இறந்துபோனார். அந்த வருடமே மெய்ன் மாநிலத்தின் பெத்தல் என்ற சிற்றூரில் சகாக்கள் இதை முறைப்படுத்தித் தொடங்கினார்கள். இன்று நாம் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவதற்குப் பின்னால் அந்த இரவுகள் இருக்கின்றன.

‘அப்படி நடக்கவில்லை’ என்று சொல்ல அந்தப் பெண்மணிக்கு இடம் இருந்தது. உங்கள் தோழிக்கு இருட்டில் அந்த இடம் இல்லை.

அடுத்த முறை போனால் ஆரம்பத்திலேயே ஒன்று கேளுங்கள்: ‘ஏதாவது பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை என்றால் வெளியே போய் உட்காரலாமா?’ நல்ல பயிற்சியாளர் நீங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லியிருப்பார். ‘தைரியமில்லாதவர்கள்தான் வெளியே போவார்கள்’ என்று யாராவது கேலி பேசினால் அன்றைக்கு உங்களுக்கு வயிற்றுவலி வந்துவிடலாம், தப்பில்லை. தோழியின் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். தேவைப்பட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை ‘டெலி மானஸ்’ இருக்கிறது, எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கேள்வி: நாம் பேசுவதில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று எல்லாப் பயிற்சியிலும் ஒரு ஸ்லைடு காட்டுகிறார்களே, நிஜமா?
— வாசகர், சேலம்

பதில்: அந்த ஸ்லைடு வந்ததும் நான் மணி பார்ப்பேன். அடுத்து மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோ பிரமிடு வரும், அப்புறம் டீ. உளவியலாளர் ஆல்பர்ட் மெராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒற்றை ஒற்றைச் சொல்லைப் பல குரலில் சொல்ல வைத்து, முகப் படங்களைக் காட்டி, ‘இவருக்குப் பிடித்திருக்கிறதா, இல்லையா’ என்று கேட்டார்கள். சொல் ஒன்று, முகம் வேறொன்று சொல்லும்போது எதை நம்புகிறோம் என்பதுதான் கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெராபியனே சொல்லியிருக்கிறார். வார்த்தைக்கு ஏழே சதவீதம் என்றால் கொரியன் சீரியலை சப்டைட்டில் இல்லாமல் பார்த்தே 93 சதவீதம் புரிந்துகொள்ளலாமே.

கேள்வி: பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பெரியவர்களுக்கு ஆளுமைப் பயிற்சி நடத்த ஆசை. மூன்று நாளில் ‘மாஸ்டர் ட்ரெயினர்’ சான்றிதழ் தருவதாக விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: டீச்சர், சான்றிதழைப் பிரேம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான். உங்களிடம் குரல் இருக்கிறது, கூட்டத்தைக் கட்டும் திறமை இருக்கிறது. விட வேண்டியது ஒரே ஒரு பழக்கம். டீச்சர் கேட்கிற கேள்விக்கு விடை டீச்சருக்கு முன்பே தெரியும். பெரியவர்கள் வகுப்பில் விடை உங்களுக்குத் தெரியக்கூடாது.

இன்று வீட்டிலேயே செய்து பாருங்கள். யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனசுக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள். நான்கு வருவதற்குள் நீங்களே பதில் எடுத்துக் கொடுக்கப் போவீர்கள். வகுப்பில் அந்தப் பத்து விநாடி, சீலிங் ஃபேன் சத்தம் கேட்கிற அளவுக்கு நீளும். எனக்கு அதைத் தாங்கப் பழகவே இரண்டு வருடம் ஆனது. ஏழிலோ எட்டிலோ, பெரும்பாலும் பின்வரிசையிலிருந்து, யாராவது தொண்டையைச் செருமுவார்கள். வகுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழக இடம் வேண்டுமென்றால் ஜேசீஸ் என்ற இளைஞர் அமைப்பின் கிளை உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நம்மூர் பயிற்சியாளர்களில் நிறையப் பேர் அந்த மேடையில் மைக் பிடித்தவர்கள்தான். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால், 1970-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் ‘இசாப்ஸ்’ அமைப்பு நடத்தும் ‘லேப்’ என்ற குழுப் பயிற்சியில் பங்கேற்பாளராகப் போய் உட்காருங்கள். லெவின் வழியில் வந்தது. பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பது போல இருக்கும். முதல் நாள் எனக்குப் பணம் போச்சே என்றிருந்தது.

அப்புறம், மாஸ்கிங் டேப் உங்கள் பையிலேயே இருக்கட்டும். செலோ டேப்பில் சார்ட் ஒட்டினால் கல்யாண மண்டபத்துச் சுவர் பெயிண்ட் கையோடு வந்துவிடும். டெபாசிட் திரும்பாது.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் நானே பயிற்சி நடத்துகிறேன். யாரும் வாயைத் திறப்பதில்லை. ‘எல்லாம் நல்லாத்தான் சார் போகுது’ என்கிறார்கள். என்ன செய்ய?
— மனிதவள அலுவலர், ஓசூர்

பதில்: எம்.டி. அறையில் இருக்கிறாரா? கண்டிப்பாக இருப்பார். ‘நான் பாட்டுக்கு ஓரமா உட்கார்றேன்’ என்றிருப்பார்.

எனக்கும் ஓர் ஆலையில் இப்படி ஆனது. கேள்வி கேட்டால் இருபத்துநாலு தலையும் முதலில் ஓரத்து நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பும். செய்தித்தாளில் பாலம் கட்டும் விளையாட்டில் அவரையும் ஒரு குழுவில் சேர்த்துவிட்டேன். இளவயது எலக்ட்ரீஷியன் ஒருவர் ‘சார், அந்தப் பக்கம் கொஞ்சம் கெட்டியா பிடிங்க’ என்றார். ஹாலே சிரித்தது, எம்.டி.யும் சிரித்தார். சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன். ‘இந்த விளையாட்டில் என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டதும் மறுபடி இருபத்துநாலு தலை ஓரத்துக்குத் திரும்பியது. மூன்று மணிக்கு அவர் போன் பேச வெளியே போனார். அந்த இருபது நிமிடத்தில் வந்த பேச்சுதான் அன்றைக்கு மொத்தப் பேச்சும்.

இப்போதெல்லாம் ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் கால் மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும் எம்.டி. வந்தால் போதும். குறைகளைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதச் சொல்லி, கலைத்துப்போட்டு, ஆளுக்கொன்றாக எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா கொடுங்கள். இல்லாவிட்டால் பச்சை மையில் எழுதியவர் யார் என்று டீக்குள் தெரிந்துவிடும். நீங்களும் அதே கம்பெனி ஆள் என்பது இன்னொரு சிக்கல். பக்கத்து ஆலையில் உங்களைப் போன்ற அலுவலர் இருந்தால், நீங்கள் அங்கே, அவர் இங்கே என்று மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள்.

கேள்வி: பயம் போக வேண்டும் என்று பயிற்சி முகாமில் தீமிதிக்கச் சொல்கிறார்கள். போகலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கரியும் சாம்பலும் சூட்டை மெதுவாகக் கடத்துபவை. கால் படுகிற நேரமும் குறைவு. அதனால்தான் பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள், பயிற்சியாளர் ஊட்டிய தன்னம்பிக்கையால் அல்ல. 2016-இல் டல்லஸ் நகரத்து முகாம் ஒன்றில் முப்பது பேருக்கு மேல் காலைச் சுட்டுக்கொண்டார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் கிட்டேயே போகாதீர்கள். பூக்குழி இறங்க ஆசையென்றால் ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டி விரதம் இருந்து இறங்குங்கள். அங்கே பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள்.