மேல் பாட்டில் ஏன் மேற்கே போகிறது? – கடிதம்

ஐயா, வணக்கம்.

பொங்கலூர் பக்கத்தில் பம்பு உதிரி பாகங்கள் கடையும் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காற்றை அழுத்தி ஏற்றி, தண்ணீர் பீறிடும் வேகத்தில் பறக்கவிடுகிற தண்ணீர் ராக்கெட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளும் நானும் ஒன்று செய்தோம். நன்றாகவே போனது. அப்புறம் இரண்டு கட்டமாகச் செய்ய ஆசை. கீழே இரண்டேகால் லிட்டர் கூல்ட்ரிங்ஸ் பாட்டில், மேலே ஒன்றேகால் லிட்டர், நடுவில் ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் நான்-ரிட்டர்ன் வால்வும் ரப்பர் டியூப்பும். இரண்டு பாட்டிலுக்கும் 9 மில்லி துளையில் பித்தளை நாசில் நானே கடைந்து போட்டேன். ஒரு மீட்டர் கம்பியில் நிறுத்தி, 60 பிஎஸ்ஐ ஏற்றி, ஆடிப் பதினெட்டு அன்று விட்டோம். பிரிவதெல்லாம் சரியாகப் பிரிகிறது. ஆனால் மேல் பாட்டில் மேலே போகாமல், படுத்த வாக்கில் மேற்கே பாய்ந்து பக்கத்துத் தோட்டத்து மாட்டுக் கொட்டகை மேல் விழுந்தது. காற்று தள்ளிக்கொண்டு போனாலாவது புரியும், இது காற்றை எதிர்த்துக்கொண்டு போகிறது. ரெக்கையைப் பெரிதாக்கலாம் என்கிறாள் மகள். இரண்டாவது பாட்டில் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினால் சரியாகுமா? என் மச்சான் வேறு, "தண்ணியெல்லாம் எதுக்குங்க மாப்ள, குழாய் கடைஞ்சு குடுங்க, மருந்து நான் அடைச்சுத் தர்றேன்" என்கிறார். செய்யலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடாது. உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். உலோகக் குழாயில் அடைத்த மருந்து வெடித்தால் சில்லுகள் பறக்கும், பக்கத்தில் நிற்பது உங்கள் மகள், அது இன்னொரு பக்கம். மாடல் ராக்கெட் என்ற பொழுதுபோக்கே இந்த ஆபத்திலிருந்து பையன்களைக் காப்பாற்ற வளர்ந்ததுதான். அமெரிக்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவரும் ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளரும் 1957 வாக்கில் இதைப் பரப்பினார்கள். அவர்கள் போட்ட எல்லை சுலபமானது: மோட்டார், அதாவது மருந்து அடைத்த பகுதி, தொழிற்சாலையில் செய்ததாக இருக்க வேண்டும்; காகிதக் குழாய், மூக்கு, ரெக்கை, பாராசூட் எல்லாம் பையன் கையால். கார்லைல் தானே பட்டாசு விஷயத்தில் கைதேர்ந்தவர், அவரே போட்ட எல்லை இது. மச்சானிடம் சொல்லுங்கள்.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

மேல் பாட்டில் தானாக மேற்கே போகவில்லை. பிரியும் நொடியில் முழு ராக்கெட்டும் மேற்கே சாய்ந்து நின்றது, அந்தத் திசையிலேயே இது பாய்ந்தது, அவ்வளவுதான். இரண்டு கட்ட ராக்கெட்டில் எல்லாமே அந்த ஒரு நொடிதான். ஒற்றைக் கட்டம் சாய்ந்தால் கொஞ்சம் உயரம் குறையும், நூறடி தள்ளி விழும். இரண்டாவது கட்டம் சாய்வாகக் கிளம்பினால் கொட்டகைதான். அது கரணம் அடிக்காமல் நேராகப் பாய்ந்தது என்பதையும் கவனியுங்கள். ரெக்கை தன் வேலையைச் செய்திருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே.

ஏன் காற்றை எதிர்த்துப் போகிறது? காற்றாலை முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொள்கிறதே, ரெக்கை வைத்த ராக்கெட்டும் அப்படித்தான். கிளம்பும் வேகம் குறைவாக இருந்தால் பக்கக் காற்று பெரிதாகத் தெரியும். உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 60 பிஎஸ்ஐயில் 9 மில்லி துளை தரும் உந்துவிசை ஐந்தரைக் கிலோவுக்குப் பக்கம். தண்ணீரோடு முழு ராக்கெட்டும் 1,650 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் கம்பியை விட்டு வெளியே வரும்போது வேகம் வினாடிக்கு ஆறரை மீட்டர்தான். ஆடிக் காற்று வினாடிக்கு 5 மீட்டர் அடித்தால், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர், ராக்கெட்டுக்குக் காற்று கிட்டத்தட்ட 37 டிகிரி சாய்வாக வருவது போல இருக்கும். வேகம் ஏற ஏற அந்தக் கோணம் குறையும், அதனால் முழு 37ம் சாயாது. ஆனால் திரும்ப ஆரம்பித்துவிடும், அதற்குள் பூஸ்டர், அதாவது கீழ் பாட்டில், காலி.

அதனால் ரெக்கையைப் பெரிதாக்கினால் இன்னும் மோசமாகும். மகளிடம் இதைச் சொல்லும்போது அவள் யோசனை தப்பு என்று சொல்லாதீர்கள், ராக்கெட் தள்ளாடியிருந்தால் அதுதான் சரியான வைத்தியம்.

செய்ய வேண்டியது பூஸ்டரின் நாசிலைக் கழற்றுவது. பாட்டில் வாயின் முழுத் துளையும், அதாவது 21 மில்லிக்கு மேல், திறந்திருக்கட்டும். உந்துவிசை ஐந்து மடங்குக்கு மேல் போகும், தண்ணீர் முழுக்க ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வெளியேறிவிடும். கிளம்பும் வேகம் இரண்டு மடங்கை எட்டும். லாஞ்சரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், உங்கள் லேத்துக்கு அது ஒரு பெரிய வேலை இல்லை. கம்பியை இரண்டு மீட்டர் ஆக்குங்கள். ரப்பர் டியூப் இதனால் கெடாது. பூஸ்டரின் அழுத்தம்தான் அதை வெளியிலிருந்து நெருக்கி மேல் பாட்டிலின் கழுத்தைப் பிடிக்க வைக்கிறது, அழுத்தம் சீக்கிரம் இறங்கினால் பிடியும் சீக்கிரம் விடும்.

மேல் பாட்டிலுக்குச் சின்னத் துளை இருக்கட்டும், ஆனால் பித்தளை வேண்டாம். நைலான் ராடில் கடையுங்கள், எடை ஏழில் ஒரு பங்குகூட வராது. பித்தளை பளபளப்பாக இருக்கும், ஆனால் அந்த எடை வாலில் உட்காருகிறது. ஒரு உதாரணம் போடுகிறேன். காலி மேல் பாட்டில், மூக்கு ரெக்கை எல்லாம் சேர்த்து 200 கிராம், மூக்கு நுனியிலிருந்து 25 சென்டிமீட்டரில் விரலில் நிற்கிறது. இதில் 400 மில்லி தண்ணீர் ஊற்றினால், அந்தத் தண்ணீரின் நடு 43 சென்டிமீட்டரில் இருக்கும். நெம்புகோல் கணக்குப்படி எடை மையம் 37க்கு இறங்கிவிடும், 12 சென்டிமீட்டர் பின்னால். காலியாக வைத்துச் சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பித்தளையை எடுத்து 60 கிராம் மிச்சம் பிடித்து, அதே 60 கிராமுக்குக் களிமண்ணை மூக்கில் வைத்தால் மொத்த எடை மாறாது, மையம் 32.6க்கு ஏறும்.

காற்றின் அழுத்த மையம், அதாவது பக்கக் காற்றின் தள்ளு முழுவதும் சேர்ந்து விழும் இடம், எங்கே என்பதற்கு ஒரு பழைய வழி: பனியன் பெட்டி அட்டையில் ராக்கெட்டின் பக்கத்தோற்றத்தை அளவு மாறாமல் வெட்டி, ஸ்கேல் விளிம்பில் நிறுத்துங்கள். அட்டை சமமாக நிற்கும் கோடுதான் மையம். எடை மையம் அதற்கு முன்னால், குறைந்தது ஒரு பாட்டில் விட்டம் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு விட்டத்தைத் தாண்டினால் மறுபடி காற்றை எதிர்க்கும் கதை. முழு ராக்கெட்டுக்கு ஒரு அட்டை, மேல் பாட்டிலுக்குத் தனியாக ஒரு அட்டை. இரண்டும் தேறினால்தான் விட வேண்டும்.

தாமதம் பற்றி. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து ஏறிய முதல் ராக்கெட்டான நைக் அப்பாச்சியும் இரண்டு கட்டம்தான், அதில் முதல் கட்டம் தீர்ந்தபின் கொஞ்சம் சும்மா ஏறிய பிறகே அடுத்தது பற்றும். அடர்ந்த காற்றைத் தாண்டிப் போய்ப் பற்றினால் லாபம் உண்டு. நம் பாட்டில் அந்த உயரத்துக்குப் போவதில்லை, காத்திருக்கிற ஒவ்வொரு கணமும் வேகம் குறைந்து இன்னும் சாயும். வேண்டாம்.

எல்லாவற்றையும் விட, ஆடியில் விடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் ஊரில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதை நம்பித்தானே அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். தை, மாசியில் விடிகாலை பாருங்கள். காற்றாலைகள் பொதுவாக வினாடிக்கு 3, 4 மீட்டர் காற்றில்தான் சுற்றத் தொடங்கும், அதனால் கண்ணுக்குத் தெரிகிற நாலைந்தும் நின்றிருந்தால் தாராளமாக விடலாம். ஒன்று மட்டும் நின்றிருந்தால் அது ரிப்பேராக இருக்கும், நம்பாதீர்கள்.

அறுபதுக்கு மேல் அழுத்தம் ஏற்ற வேண்டாம், கீறல் விழுந்த பாட்டில் வேண்டாம், விடும்போது கயிறு இழுத்து விடுங்கள், கண்ணாடி போடுங்கள். சூலூர் விமானப் படைத் தளத்தின் பக்கமும் பீளமேடு விமான நிலையத்தின் பக்கமும் போகவே வேண்டாம்.

அடுத்த முறை வீடியோவைக் கிட்டே நின்று எடுக்காமல், காற்றுக்குக் குறுக்கே ஐம்பதடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று எடுத்து அனுப்புங்கள். பிரியும் இடத்தில் எவ்வளவு சாய்வு என்று தெரிந்தால் மூக்குக் களிமண்ணைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்ல முடியும்.