மாமனார் குடும்பம் இங்கிலாந்து ஜென்ட்ரியா? காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

கேள்வி: நான் குரோய்டன்ல இருக்கேன், கணவர் இங்கிலீஷ்காரர். அவங்க பூர்வீகம் ஷ்ரோப்ஷயர், அந்தக் காலத்துல பெரிய நிலபுலன் வச்சிருந்த ஜென்ட்ரி குடும்பம்னு மாமனார் அடிக்கடி சொல்வார். ஒரு வெப்சைட்ல எங்க சர்நேமை அடிச்சா கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது கேடயத்துல வரையற குடும்பச் சின்னம், வருது, அதை ஃப்ரேம் போட்டு, கூடவே 1066 வரைக்கும் வம்சாவளியும் தர்றோம், 600 பவுண்டுன்னு சொல்றாங்க. அவரோட பிறந்தநாளுக்கு வாங்கலாமா? உண்மையா இல்லையான்னு நாங்களே எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்:

வாங்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அந்த கார்டை எடுத்து உள்ள வைங்க.

இங்கிலாந்துல கோட் ஆஃப் ஆர்ம்ஸ் ஒரு சர்நேமுக்கு கிடையாது. ஒரு தனி ஆளுக்கு குடுக்கறது, அவருக்கு அப்புறம் அவரோட ஆண் வழி வாரிசுகளுக்கு போகும், அவ்வளவுதான். அதே சர்நேம் வச்சிருக்கற மத்த ஆயிரம் பேருக்கும் அதுல ஒரு பாத்தியதையும் இல்ல. இதை லண்டன்ல இருக்கற, ஆர்ம்ஸ் குடுக்கற அமைப்பான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸே தெளிவா சொல்லியிருக்கு. இந்த வெப்சைட்காரங்க உங்க சர்நேம்ல என்னிக்கோ யாருக்கோ இருந்த ஆர்ம்ஸை எடுத்து, அந்த சர்நேம் அடிக்கற எல்லாருக்கும் அதே படத்தை பிரிண்ட் போட்டு விக்கறாங்க. இதுல 'ஃபேமிலி க்ரெஸ்ட்'னு வேற சொல்லுவாங்க. க்ரெஸ்ட்ங்கறது ஹெல்மெட்டுக்கு மேல நிக்கற சிங்கம், கை, இறக்கை மாதிரி அந்த ஒரு துண்டு மட்டும்தான், அது கூட தெரியாம கடை போட்டிருக்காங்க.

அடுத்தது 1066, நார்மண்டியோட வில்லியம் ஹேஸ்டிங்ஸ் சண்டையில ஜெயிச்சு இங்கிலாந்தைப் பிடிச்ச வருஷம். வில்லியம் கூட ஹேஸ்டிங்ஸ்ல சண்டை போட்டார்னு நம்பகமான ஆதாரத்தோட பேர் தெரிஞ்சவங்க மொத்தமே இருபது பேர் பக்கம்தான் வருவாங்க. அதுக்கு மேல நீளமா சுத்தற லிஸ்ட் எல்லாம் பிற்காலத்துல ஒவ்வொருத்தரும் தன் தன் பேரை சொருகிக்கிட்டது. நல்லா ஆதாரம் இருக்கற ஜென்ட்ரி குடும்பத்துக்கே 1400, 1500 வரைக்கும் போனா பெரிய விஷயம், அதுக்கு முன்னாடி போறதுக்கு ரொம்ப அதிர்ஷ்டம் வேணும்.

இந்த ஏமாத்து ஒண்ணும் இன்டர்நெட் வந்தப்புறம் ஆரம்பிச்சது இல்ல. ஸ்வீடன்ல பிறந்து நியூயார்க் பக்கம் செட்டில் ஆன குஸ்டாவ் ஆஞ்சூன்னு ஒருத்தர், 1942ல செத்துப்போனார், பணக்கார அமெரிக்கர்களுக்கு இங்கிலாந்து வம்சாவளி தயார் பண்ணிக் குடுக்கறதே தொழில், ஒரு வம்சாவளிக்கு ஆயிரக்கணக்குல டாலர் வாங்கினவர். அவர் டெக்னிக் என்னன்னா பத்து நிஜமான உயிலுக்கு நடுவுல இல்லாத ஒரு உயிலை சொருகறது. படிக்கறவங்க மத்ததெல்லாம் சரியா இருக்கேன்னு அதையும் நம்பிடுவாங்க. அவர் பண்ணின பொய் இன்னிக்கும் ஆன்லைன் ஃபேமிலி ட்ரீல காப்பி ஆகி காப்பி ஆகி ஓடிக்கிட்டு இருக்கு, அதான் கொடுமை. ஆஸ்கர் ஹார்ட்செல் கதை இன்னும் மோசம். அந்தக் காலத்து இங்கிலீஷ் கப்பல் தளபதி பிரான்சிஸ் டிரேக்கோட சொத்து இன்னும் யாரும் வாங்காம கிடக்கு, கேஸ் நடத்த பணம் குடுங்க, பல மடங்கா திரும்பக் கிடைக்கும்னு அமெரிக்கால ஊர் ஊரா வசூல் பண்ணி, 1933ல தண்டனை வாங்கினார். டிரேக் 1596லயே பிள்ளை இல்லாம செத்துட்டார், சொத்து அப்பவே பைசல் ஆயிடுச்சு. அதனால நாளைக்கு உங்க மாமனாருக்கு "உங்க குடும்பத்து எஸ்டேட் பணம் பேங்க்ல தூங்குது, ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க"ன்னு ஈமெயில் வந்தா அது எந்த வகைன்னு இப்பவே புரிஞ்சிருக்கும்.

சரி, நீங்களே பாக்கறதுன்னா எப்படி. ஜென்ட்ரின்னா பெரும்பாலும் லார்ட் பட்டம் இல்லாம, சொந்த நிலத்தை குத்தகைக்கு விட்டு அந்த வாடகையில உக்காந்து சாப்பிட்டவங்க. ஏமாத்தறவங்க எப்பவும் மேல இருந்து கீழ வருவாங்க, அதாவது பிரபலமான ஒரு குடும்பத்தை எடுத்து அதை உங்க வீட்டு வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்து முடிச்சு போடுவாங்க. நீங்க கீழ இருந்து மேல போகணும். மாமனார்ல ஆரம்பிங்க, அவர் அப்பா, அவர் தாத்தா, ஒவ்வொரு படிக்கும் ஒரு பேப்பர் கையில வேணும். பேப்பர் இல்லைன்னா அங்கேயே நில்லுங்க.

இங்கிலாந்துல பிறப்பு, கல்யாணம், இறப்பு பதிவு 1837 ஜூலை 1ல ஆரம்பிச்சது. ஜிஆர்ஓங்கற அரசுப் பதிவு ஆபீஸோட வெப்சைட்ல இன்டெக்ஸ் ஃப்ரீயாவே பாக்கலாம், பிறப்புக்கு அம்மாவோட பிறந்த வீட்டு சர்நேமும் அதுலயே இருக்கு, அது பெரிய உதவி. ஆனா நீங்க முக்கியமா வாங்க வேண்டியது கல்யாண சர்டிஃபிகேட். அதுல மாப்பிள்ளை அப்பா, பொண்ணு அப்பா ரெண்டு பேரோட பேரும் தொழிலும் இருக்கும். 1840, 50 வாக்குல நடந்த கல்யாணத்துல மாப்பிள்ளை அப்பா 'ஜென்டில்மேன்'னோ 'கிளார்க் இன் ஹோலி ஆர்டர்ஸ்'னோ இருந்தா, அதாவது பாதிரியார், மேல தேடலாம். 'லேபரர்'னு இருந்தா பெரிய வீட்டுக்கும் உங்களுக்கும் சர்நேம் மட்டும்தான் பொதுன்னு வச்சுக்கங்க. சென்சஸ்ல 1841ஐ நம்பி வயசு கணக்கு போடாதீங்க, பெரியவங்க வயசை அஞ்சோட மடங்குக்கு குறைச்சு எழுதச் சொல்லியிருந்தாங்க, 37 வயசுக்காரர் 35ன்னு இருப்பார். 1851ல இருந்து பிறந்த ஊரும் இருக்கும், அது போதும்.

1837க்கு முன்னாடி சர்ச் ரெஜிஸ்டர்தான். 1538ல தாமஸ் க்ராம்வெல் போட்ட உத்தரவுல ஆரம்பிச்சது, ஆனா அவ்வளவு பழசு எல்லா ஊர்லயும் மிஞ்சலை, 1640, 50கள்ல உள்நாட்டுப் போர் சமயத்துல பல ஊர்ல பெரிய ஓட்டை இருக்கும். தேதில ஒரு விஷயம் மட்டும் மனசுல வைங்க. 1752க்கு முன்னாடி அங்க வருஷம் மார்ச் 25ல பிறக்கும், அதனால ரெஜிஸ்டர்ல 1700 பிப்ரவரின்னு இருந்தா நம்ம கணக்குக்கு அது 1701. இது தெரியாம கல்யாணத்துக்கு முன்னாடியே குழந்தை பிறந்துடுச்சுன்னு குடும்பத்து மேல பழி போட்டவங்க நிறைய.

இந்த ரெஜிஸ்டரை எல்லாம் ஒரே இடத்துல வச்சிருப்பாங்கன்னு நினைக்காதீங்க. இந்த மாவட்டம் ஒரு கம்பெனி கிட்ட, அடுத்த மாவட்டம் இன்னொரு கம்பெனி கிட்ட, ரெண்டுக்கும் தனித்தனியா மாசா மாசம் சந்தா. ஊர் ஜனங்களோட பிறப்பு கணக்கை ஊர்க்காரங்களே காசு குடுத்து பாக்கணும்னா இது என்ன நியாயம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. ஷ்ரோப்ஷயர்ல இன்னொரு தலைவலி, வடக்குப் பக்கம் பெரும்பாலும் லிச்ஃபீல்ட் பிஷப் கீழ, தெற்குப் பக்கம் ஹியர்ஃபோர்ட் பிஷப் கீழ, அதனால உள்ளூர் உயில்ல ஒரு பாதி ஸ்டாஃபோர்ட்ல, இன்னொரு பாதி ஹியர்ஃபோர்ட்ல, ரெஜிஸ்டர் ஷ்ரூஸ்பரில. ஒரே குடும்பத்துக்கு மூணு ஊர் ஆபீஸ், மூணு இடத்துலயும் முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட், வாரத்துல சில நாள் தான் திறப்பாங்க. சந்தா கட்டறதுக்கு முன்னாடி உங்க லைப்ரரில போய் கேளுங்க, நிறைய கவுன்சில் லைப்ரரில அந்த பெரிய வெப்சைட்டுங்க கம்ப்யூட்டர்ல ஃப்ரீயா இருக்கும். ஃபேமிலிசர்ச்ங்கற வம்சாவளி வெப்சைட் எப்பவுமே ஃப்ரீ.

இங்க தான் முக்கால்வாசி பேர் கவுந்துடறாங்க. தாத்தா பேரை பேரனுக்கு வைக்கற பழக்கம் அவங்க கிட்டயும் உண்டு, அதுவும் நாலஞ்சு பேரை வச்சே சுத்துவாங்க, வில்லியம், ஜான், தாமஸ், ரிச்சர்ட். ஒரே ஊர்ல, ஒரே பத்து வருஷத்துக்குள்ள, சித்தப்பா பெரியப்பா பசங்க மூணு பேர் அதே பேர்ல ஞானஸ்நானம் வாங்கியிருப்பாங்க. உங்க ஆள் அதுல எவர்னு பேரை வச்சு சொல்லவே முடியாது. ஆன்லைன் ட்ரீல பெரிய வீட்டுப் பையனா பாத்து ஒட்டிக்கிட்டு போயிடுவாங்க. அந்தப் பையன் மூணு வயசுல செத்து, அதே ரெஜிஸ்டர்ல நாலு பக்கம் தள்ளி அடக்கம் ஆகியிருப்பான், அதை யாரும் பாக்கறதில்ல. எந்த ஞானஸ்நானம் கிடைச்சாலும் உடனே அடக்கப் பதிவுல தேடுங்க.

சந்தேகத்தை தீர்க்கறது உயில் தான். நிலம் இருந்தவன் பெரும்பாலும் உயில் எழுதியிருப்பான், வசதியான குடும்பம்னா அது பெரும்பாலும் கேன்டர்பரி ப்ரரோகேட்டிவ் கோர்ட்ங்கற சர்ச் கோர்ட்ல பதிவாகியிருக்கும், 1384ல இருந்து 1858 வரைக்கும் அந்த கோர்ட்டோட உயிலெல்லாம் லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல இருக்கு, வீட்ல உக்காந்தே டவுன்லோட் பண்ணலாம். மாதிரிக்கு ஒரு உயில் எப்படி போகும்னா, நிலம் மூத்தவனுக்கு, ரெண்டாவது பையனுக்கு இவ்வளவு பவுண்டு, கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு வரதட்சணைக்கு இவ்வளவு, பிரிஸ்டல்ல வியாபாரம் பாக்கற தம்பி ரிச்சர்டுக்கு துக்க மோதிரம் வாங்க ஒரு கினி. அந்த கடைசி வரி போதும், பிரிஸ்டல் ரிச்சர்ட் யார் வீட்டு ரிச்சர்டுன்னு முடிஞ்சது. இளைய மகன்களோட வழி பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடும், ஏன்னா நிலம் மூத்தவனோட போயிடும், மத்தவங்க சர்ச், பட்டாளம், வக்கீல் தொழில், வியாபாரம்னு சிதறிடுவாங்க. எழுத்து படிக்க கஷ்டமா இருக்கும்தான், நேஷனல் ஆர்கைவ்ஸ் சைட்லயே பழைய கையெழுத்து படிக்க ஃப்ரீ பாடம் இருக்கு, ஒரு வாரம் உக்காருங்க.

அடுத்து ஹெரால்டுகளோட விசிட்டேஷன். ஹெரால்டுன்னா ஆர்ம்ஸ் விஷயத்தை கவனிக்கற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் அதிகாரி. 1530ல இருந்து 1680கள் வரைக்கும் ஹெரால்டுகள் மாவட்டம் மாவட்டமா போய், ஊர் ஜென்டில்மேன்களை வரச்சொல்லி, உன் ஆர்ம்ஸுக்கு என்ன ஆதாரம், உன் அப்பன் பாட்டன் யாருன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. ஆதாரம் காட்டாதவங்க பேரை இவர் ஜென்டில்மேன் இல்லைன்னு வெளிப்படையா அறிவிச்சு மானத்தை வாங்கினதும் உண்டு. ஷ்ரோப்ஷயரோட 1623 விசிட்டேஷன் 1889ல ரெண்டு வால்யூமா அச்சாச்சு, ஆன்லைன்ல ஃப்ரீயா கிடைக்குது. ஆனா அச்சுல இருக்கற விசிட்டேஷன்ல ஹெரால்டு எழுதினது மட்டும் இல்ல, பிற்காலத்துல வேற ஆட்கள் சேர்த்ததும் கலந்திருக்கும். ஒரிஜினல் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்ல. அங்க நீங்களா போய் ஷெல்ஃப்ல எடுத்து பாக்க முடியாது, ஹெரால்டுக்கு ஃபீஸ் கட்டித்தான் பாக்கச் சொல்லணும். நாட்டோட வரலாறு, ஆனா ஒவ்வொரு பக்கத்துக்கும் மீட்டர் ஓடும்.

ஜென்ட்ரி குடும்பங்களோட வம்சாவளியைத் தொகுத்த பர்க்கோட லேண்டட் ஜென்ட்ரி புத்தகத்தை மாமனார் காட்டினா மரியாதையா வாங்கிப் பாருங்க, ஆனா பழைய பதிப்புகள்ல குடும்பத்துக்காரங்க என்ன எழுதி அனுப்பினாங்களோ அது அப்படியே அச்சாகியிருக்கும். ஹொரேஸ் ரவுண்ட் மாதிரி வரலாற்று ஆய்வாளர்கள் அதை கிழி கிழின்னு கிழிச்சிருக்காங்க. கடைசி மூணு நாலு தலைமுறைக்கு ஓகே, அதுக்கு மேல குறிப்பு மாதிரி மட்டும் வச்சுக்கங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன், இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. சர்நேமை பிடிச்சுக்கிட்டே மேல போனா எப்பவும் ரத்த வழின்னு அர்த்தம் இல்ல, ஜென்ட்ரில இது ரொம்பவே நடக்கும். ஆண் வாரிசு இல்லைன்னா சொத்தை தூரத்து சொந்தத்துக்கு எழுதி, ஆனா எங்க பேரை வச்சுக்கணும், எங்க ஆர்ம்ஸை போட்டுக்கணும்னு கண்டிஷன் போடுவாங்க. ஹாம்ப்ஷயர்ல சாட்டன் எஸ்டேட்டை பாருங்க, நைட்ங்கற குடும்பம். எலிசபெத் நைட்னு ஒரு அம்மா கிட்ட சொத்து வந்தப்போ அவங்களைக் கட்டின ரெண்டு புருஷனும் நைட்னு பேர் சேர்த்துக்கிட்டாங்க. அவங்களுக்கும் பிள்ளை இல்ல. அப்புறம் வந்தவர் பிறக்கும்போது தாமஸ் பிராட்னாக்ஸ், ஒரு சொத்துக்காக 1727ல 'மே'ங்கற சர்நேமுக்கு மாறினார், இந்த சொத்துக்காக 1738ல நைட் ஆனார். ஒரே ஆள், மூணு சர்நேம். அவர் பையனுக்கும் குழந்தை இல்ல, தூரத்து சொந்தத்துல ஒரு பையனை தத்து எடுத்தாங்க, அது நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினோட அண்ணன் எட்வர்ட். அவர் 1812ல ஆஸ்டினை விட்டுட்டு நைட் ஆனார், பிள்ளைங்களும் கூடவே மாறினாங்க. மூத்த பொண்ணு ஃபேனி 1793ல பிறந்தப்போ ஆஸ்டின், 1820ல கல்யாணம் பண்ணும்போது நைட். இந்த விஷயம் தெரியாம ஃபேனி நைட்டோட ஞானஸ்நானத்தை நைட்னு தேடினா ஆயுசுக்கும் கிடைக்காது, அதே மாதிரி எட்வர்டுக்கு மேல நைட் வழியிலயே ஏறிப் போனா ஆஸ்டின் குடும்பம் மொத்தமா காணாம போயிடும். அதனால உங்க ஆள் ஒரு தலைமுறைக்கு மேல திடீர்னு எங்கேயும் பிறக்கவே இல்லாத மாதிரி இருந்தா, இல்ல நடுப்பெயர்ல வேற ஒரு சர்நேம் உக்காந்திருந்தா, லண்டன் கெஜட்ல ராயல் லைசென்ஸ், அதாவது பேர் மாத்த ராஜா குடுத்த அனுமதி, தேடுங்க, ஆன்லைன்ல ஃப்ரீ. அதுக்கும் முன்னாடின்னா பார்லிமென்ட்ல தனிச் சட்டமே போட்டு பேர் மாத்தியிருப்பாங்க.

ஷ்ரோப்ஷயர்ல ஒரு பையன் பதினாறு வயசுக்கு அப்புறம் காணாம போனா மெட்ராஸ்லயும் தேடுங்க, விளையாட்டுக்கு சொல்லலை. மூத்தவனுக்கு நிலம் போனப்புறம் நிறைய தம்பிங்க ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்கு வந்தாங்க. கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் மேரீஸ் சர்ச் ரெஜிஸ்டர் 1680ல ஆரம்பிக்குது, அங்க முதல் கல்யாணம் பின்னாடி மெட்ராஸ் கவர்னரான எலிஹு யேலோடது. மெட்ராஸ் பதிவுகளோட காப்பி லண்டன்லயே பிரிட்டிஷ் லைப்ரரில, இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல இருக்கு. இதுல இன்னொரு லாபம், கம்பெனி வேலைக்கு அப்ளை பண்ணும்போது வயசுக்கு ஆதாரமா ஊர் சர்ச்ல இருந்து ஞானஸ்நான சர்டிஃபிகேட் வாங்கி வச்சிருப்பாங்க, ஊர்ல ரெஜிஸ்டர் எலி தின்னிருந்தாலும் அந்த ஃபைல்ல அது பத்திரமா இருக்கலாம்.

இதெல்லாம் நம்மால ஆகாதுன்னா ஆள் வச்சுக்கங்க, தப்பில்ல. ஏஜிஆர்ஏங்கற சங்கத்துல உறுப்பினரா இருக்கற ஆராய்ச்சியாளரை பிடிங்க, மணிக்கணக்குல சார்ஜ் பண்ணுவாங்க. முதல்ல அஞ்சு மணி நேரத்துக்கு மட்டும் சொல்லுங்க, 1837 வரைக்கும் நீங்களே சேர்த்த பேப்பரை கையில குடுங்க, ஒவ்வொரு தலைமுறைக்கும் எந்த ஆபீஸ்ல எந்த நம்பர் ஃபைல்னு எழுதிக் குடுக்கணும்னு முன்கூட்டியே பேசிக்கங்க. தேடி ஒண்ணும் கிடைக்கலைன்னாலும் அந்த மணி நேரத்துக்கு காசு குடுக்கத்தான் வேணும். கண்டிப்பா ஜென்ட்ரி தான் வரும்னு தேடறதுக்கு முன்னாடியே சொல்றவர் போனை மட்டும் கட் பண்ணிடுங்க.