எதிர்க்கட்சியே இல்லையென்றால் அந்த 2 செனட்டர்களை யார் நியமிப்பது?

உங்கள் குழப்பம் நியாயமானது. கரீபியன் தீவு நாடான பார்படோஸின் செனட்டில் (நாடாளுமன்ற மேலவை) எதிர்க்கட்சித் தலைவர் சொல்லி 2 பேர் வருவார்கள் என்று அரசியலமைப்பில் இருக்கிறது. 2018 தேர்தலிலோ மியா மோட்லியின் கட்சி கீழவையின் 30 தொகுதிகளையும் வாரிக்கொண்டது, அவர் பிரதமரானார். அப்புறம் அந்த 2 பேர் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்கிறீர்கள்.

கீழவையில் 30 பேர், எல்லோரும் மக்கள் ஓட்டில் வருபவர்கள். செனட்டுக்குத் தேர்தலே கிடையாது, 21 பேரும் நியமனம்தான்: பிரதமர் சொல்லி 12, எதிர்க்கட்சித் தலைவர் சொல்லி 2, மீதி 7 பேர் நாட்டுத் தலைவரின் சொந்த முடிவு. அப்போது அது கவர்னர் ஜெனரல். 2021 நவம்பர் 30 முதல் ஜனாதிபதி.

எதிரணியில் ஒருவர்கூட ஜெயிக்காததால் தலைவர் நாற்காலி காலி. ஒரே வாரத்தில் ஆளுங்கட்சியின் ஜோசப் அதர்லி (இவர் ஒரு பிஷப்) எதிர்வரிசைக்கு மாறினார். ஒற்றை ஆளாக அவரே எதிர்க்கட்சித் தலைவர். அந்த 2 செனட்டர்களையும் அவரே பரிந்துரைத்தார். தனக்குத் தானே தலைவர் என்று சிரிக்கத் தோன்றும், ஆனால் சட்டப்படி சரி.

வெறும் 2 இடத்துக்கா இத்தனை கவலை என்றால், கணக்கைப் பாருங்கள். அரசியலமைப்பின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். செனட்டில் அது 14. பிரதமரின் ஆட்கள் 12தான். கீழவை முழுக்கக் கையில் இருந்தாலும், இங்கே இன்னும் 2 பேரைத் தேடித்தான் ஆக வேண்டும்.

பண மசோதாவுக்கு (அரசின் வரி, செலவு பற்றியது) இந்தத் தடை இல்லை: செனட்டால் ஒரு மாதம் தாமதப்படுத்த முடியும், அவ்வளவுதான்.