லண்டனில் சிறு தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். சிறு சங்கங்களுக்குத் துணை நிற்கும் உள்ளூர் சி.வி.எஸ். அமைப்பிடம் போனால் உண்மையில் என்ன உதவி கிடைக்கும்? பணம் தருவார்களா?

பணம் தருவது அவர்களுடைய முதல் வேலை இல்லை. ஆனாலும் கட்டாயம் போங்கள். எங்களுடைய கதையைச் சொன்னால் ஏன் என்று விளங்கும்.

எங்களிடம் இருந்தது பதினைந்து பிள்ளைகளும் தேவாலயத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபமும்தான். சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு. பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மம்மாக்களும் தாத்தாக்களும் பக்கத்து அறையில் தேநீரோடு இருந்து கதைப்பார்கள். வாடகை கூடியபோது ஒரு நிதியத்துக்கு விண்ணப்பித்தோம். மறுத்துவிட்டார்கள். வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் இருவரும் கணவன் மனைவி என்பதுதான் காரணம். ஊரில் நாங்கள் கண்ட சங்கங்களில் நம்பிக்கையான ஒரு குடும்பத்தின் கையில் காசைக் கொடுப்பதுதான் வழக்கம். அதில் பிழை இருப்பதாக எங்கள் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. அந்த இருவரும் எவ்வளவு வருந்தினார்கள் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சி.வி.எஸ். பற்றி ஒருவர் சொன்னார். கவுன்சில் ஃபார் வாலண்டரி சர்வீஸ் என்பதன் சுருக்கம் அது. சில ஊர்களில் வாலண்டரி ஆக்‌ஷன் என்ற பெயரில் இருக்கும். அதுவும் ஒரு அறக்கட்டளைதான். அந்த வட்டாரத்தில் உள்ள சிறு சங்கங்களும் தொண்டர் குழுக்களும் ஒழுங்காக நடக்கத் துணை நிற்பதே அதன் பணி. உணவு வங்கி, நடைக் குழு, அகதிகளுக்கான ஆங்கில வகுப்பு என்று யாரும் போகலாம்.

அங்கிருந்து எங்களுக்கு ஒரு அம்மா உதவிக்கு வந்தார். எங்கள் யாப்பு, அதாவது சங்கத்தின் விதிகளை எழுதிவைத்த ஆவணம், இரண்டே பக்கம். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தார். முடித்துவிட்டு, "இந்த வகுப்பு நாளைக்கே நின்றுபோனால் கணக்கில் மிஞ்சும் பணம் யாருக்கு?" என்று கேட்டார். போயிருந்த மூன்று பேரும் மூன்று பதில் சொன்னோம். ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். கோயிலுக்கு என்றார் மற்றவர். ஊரில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றேன் நான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்படி மிஞ்சும் பணம் இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குத்தான் போக வேண்டும், அதை யாப்பிலேயே எழுதியிருக்க வேண்டும் என்றார். நிதி தருபவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பதே அந்தப் பக்கத்தைத்தானாம்.

அடுத்தது பொறுப்பு. பதிவில்லாத சங்கத்துக்குச் சட்டத்தில் தனி உருவம் இல்லை. மண்டப ஒப்பந்தத்தில் யார் கையொப்பமிட்டாரோ, கடன் வந்தால் அவர் தலையில்தான் விழும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 முதல் சி.ஐ.ஓ. என்ற, அறக்கட்டளைகளுக்கே உரிய அமைப்பு முறை இருக்கிறது. அதில் சங்கமே தன் பெயரில் ஒப்பந்தம் செய்யலாம், நிர்வாக சபையில் இருப்பவர்களின் வீடு வாசல் பொதுவாகத் தப்பும். பதிவு செய்யும் வரை அது பிறக்காது. அதற்கான மாதிரி யாப்பை, அறக்கட்டளைகளைப் பதிவு செய்து மேற்பார்வையிடும் சாரிட்டி கமிஷனே இலவசமாகத் தருகிறது. அதில் எந்த இடத்தை எப்படி நிரப்புவது என்று பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும் இல்லையா, அங்கேதான் இவர்கள் வருகிறார்கள்.

டி.பி.எஸ். சோதனையும், அதாவது ஒருவர் மீது குற்றப் பதிவு உண்டா என்று பார்ப்பதும், அப்படித்தான். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் தொண்டர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் நேரடியாக விண்ணப்பிக்கும் அமைப்பாகப் பதிய வேண்டுமென்றால் ஆண்டுக்கு 100 சோதனையாவது செய்ய வேண்டும். ஆறு ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்கு அது எப்படி முடியும்? நமக்காக அனுப்பிவைக்கும் குடை அமைப்புகள் இருக்கின்றன, சில ஊர்களில் சி.வி.எஸ். தானே அந்த வேலையைச் செய்கிறது. சிறிய நிர்வாகச் செலவு கேட்பார்கள், அவ்வளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம். லாட்டரி நிதியின் அவார்ட்ஸ் ஃபார் ஆல் திட்டத்தில் இங்கிலாந்தில் 300 முதல் 20,000 பவுண் வரை கேட்கலாம். நாங்கள் எழுதிக் கொண்டுபோன விண்ணப்பம் "எமது மொழியையும் கலாசாரத்தையும் பேணிக் காத்தல்" என்று தொடங்கியது. அந்த அம்மா அதை மேசையில் வைத்துவிட்டு, "போன சனிக்கிழமை அங்கே என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னோம். கணவர் இறந்தபின் வீட்டை விட்டே வெளிக்கிடாத ஒரு அம்மம்மா, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அன்றுதான் முதல் தடவையாக வந்தார். கைப்பைக்குள் பிரிக்காத மூன்று கடிதங்கள். மூன்றும் மருத்துவமனையிலிருந்து வந்தவை. வகுப்பு முடிந்ததும் எங்கள் ஆசிரியை ஒருவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஒன்றில் இருந்த கண் பரிசோதனைத் திகதி ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது.

"இதை எழுதுங்கள்" என்றார் அவர். அம்மம்மாவின் பெயரை விட்டுவிட்டு, நடந்ததை அப்படியே எழுதினோம். அடுத்த வருட வாடகைக்குப் பணம் கிடைத்தது, பெரியவர்களுக்குத் தனியாக ஒரு நாளும் ஒதுக்க முடிந்தது. கிஃப்ட் எய்ட் பற்றியும் அவர்தான் சொன்னார். வரி கட்டும் பெற்றோர் படிவம் தந்தால், அவர்கள் கொடுக்கும் நன்கொடையில் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் வரித் திணைக்களத்திடமிருந்து கேட்டு வாங்கலாம். வகுப்புக் கட்டணத்துக்கு அது பொருந்தாது, அதில் கவனமாக இருங்கள்.

இந்த வேலை வெளியே தெரிவதில்லை என்பதுதான் என் கவலை. உணவு கொடுத்தால் படம் எடுக்கலாம், யாப்பைத் திருத்திக் கொடுத்தால் என்ன படம் எடுப்பது? 2010க்குப் பிறகு உள்ளாட்சி மன்றங்களின் நிதி வெட்டப்பட்டபோது பல சி.வி.எஸ். அமைப்புகள் சுருங்கின, சில மூடப்பட்டன. உங்கள் இடத்தில் ஒன்று இருந்தால் உறுப்பினராகுங்கள். மன்றம் கருத்துக் கேட்கும்போது, அது வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். நாங்கள் சொன்னோம்.

உங்கள் ஊருக்கு எது என்று தெரியாவிட்டால், இவற்றின் கூட்டமைப்பான நவ்காவின் தளத்தில் தேடலாம். முதல் சந்திப்புக்கு யாப்பு, வரவு செலவுக் கொப்பி, கடைசி வங்கி அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேராவது போங்கள். யாப்பு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள், அங்கேயே இருந்து எழுதத் தொடங்கலாம்.