குளிர்ந்த, மழை மிகுந்த கோடையில் வீட்டுத் தக்காளி காய்க்கவும் பழுக்கவும் என்ன செய்யலாம்?

செடி தழைத்து வளர்ந்தும் பூக்கள் உதிர்வதாகவும், பிடித்த காய்கள் பழுக்காமல் நிற்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இரவு வெப்பநிலை சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் வீரியம் இழக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் மகரந்தம் உதிராமல் ஒட்டிக்கொள்கிறது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது என்பதால், மழை விட்ட நண்பகலில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுவது நல்ல பலன் தரும்.

ஆனால் இத்தகைய பருவத்தில் காய்ப்புக் குறைவைவிட நான் அதிகம் அஞ்சுவது பின் கருகல் நோயைத்தான். இலையில் நீர் கோத்தது போன்ற கரும்பச்சைத் திட்டு தோன்றி, ஈரமான காலையில் அதன் அடிப்புறத்தில் வெண்மையான பூசணம் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் இந்நோயே. தண்டுவரை பரவிவிட்ட செடியை மருந்தடித்துக் காக்க முயல்வதைவிட, உடனே பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளுக்கு நல்லது. இலை நனைந்தே கிடப்பதுதான் நோய்க்கு வழிவிடுகிறது என்பதால், மேலே மட்டும் ஒளி புகும் பிளாஸ்டிக் விரிப்பைக் கூரையாகக் கட்டி, பக்கங்களைக் காற்றோட்டத்திற்குத் திறந்துவிட்டு, மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தண்ணீரை வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

பழம் சிவப்பதற்கு 20 முதல் 25 டிகிரி வரையிலான வெப்பமே ஏற்றது. வெயில் நேரடியாகப் படவேண்டும் என்பதில்லை. ஆகவே, அடிப்பகுதியில் இளஞ்சிவப்பு தட்டிய காய்களைப் பறித்து, பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் காகிதப் பையிலிட்டு வீட்டுக்குள் வைத்தால், வாழைப்பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு அவற்றை விரைவில் பழுக்கவைக்கும்.