முழங்கால் வலியுள்ள மாமியாரோடு ஸ்னியெஷ்கா போகலாமா?

கேள்வி: பெர்லினில் வசிக்கிறோம், கார் இல்லை. ஆகஸ்ட் 13 முதல் 17 வரை செக் நாட்டில் ஒரு சிறிய மலை ஊரில் தங்க ஆசை. நான், கணவர், 9 வயது மகன், 4 வயது மகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார் (68). மாமியாருக்கு முழங்கால் வலி. முட்டைகூடச் சேர்க்காத சைவம். மகனோ ஸ்னியெஷ்கா சிகரத்துக்குப் போயே ஆகவேண்டும் என்கிறான். பெட்ஸ் பொட் ஸ்னியெஷ்கோவில் தங்குவதா, ஷ்பிண்ட்லெரூவ் ம்லீனில் தங்குவதா? இத்தனை பேரை அழைத்துக்கொண்டு போவது நடக்கிற காரியமா?

பதில்: நடக்கிற காரியம்தான். பெட்ஸில் தங்குங்கள். தேதியை மட்டும் மாற்றுங்கள்.

தேதியில் என்ன குறை என்கிறீர்களா? 1603 மீட்டர் உயரமுள்ள ஸ்னியெஷ்கா செக் நாட்டின் மிக உயர்ந்த சிகரம். ஆனால் அதில் பாதிதான் செக் நாட்டுக்குச் சொந்தம். எல்லைக்கோடு உச்சியின் மீதே போகிறது. வடக்குச் சரிவு போலந்தினுடையது. ஆகஸ்ட் 15 செக் நாட்டில் சாதாரண நாள், போலந்தில் அரசு விடுமுறை. செக் நாட்காட்டியை மட்டும் பார்த்து நாள் குறித்துவிட்டு வருபவர்கள், மேலே போனதும் கார்பாச் ஊர்ப் பக்கமிருந்து ஏறிவந்த கூட்டத்தில் நிற்க இடமில்லாமல் திணறுவார்கள். ஒரு வாரம் தள்ளிப் போகமுடிந்தால் நல்லது. முடியாவிட்டால் 15-ஆம் தேதி மட்டும் சிகரத்துக்குப் போகாதீர்கள். எந்த வாரமானாலும் சனி, ஞாயிறு வேண்டாம்.

ஊர்த் தேர்வில் எனக்குத் தயக்கமே இல்லை. ஷ்பிண்ட்லெரூவ் ம்லீனுக்குப் பெயர் பெரிது, ஹோட்டல்களும் அதிகம். பனிச்சறுக்குக்கும், லாபே ஆறு பிறக்கும் இடத்துக்குப் போகவும் அதுதான் வசதி. பெர்லின்காரர்கள் எல்பே என்று சொல்வது இந்த லாபேயைத்தான். ஆனால் அங்கிருந்து ஸ்னியெஷ்காவுக்கு மலைமுகட்டின் மேல் நெடுந்தூரம் நடக்கவேண்டும். பெட்ஸ் சில நூறு பேர் மட்டுமே குடியிருக்கும் ஊர், 769 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊர் எல்லையில் ரோப் காரில் ஏறினால் உச்சியை ஒட்டி இறங்கலாம். முழங்கால் வலிக்காரர் ஒருவர் உடன் வரும்போது இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. மகன் மட்டும் சிகரம் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால், உங்களை மேற்கே ஹார்ரஹோவுக்கு அனுப்பியிருப்பேன். மும்லாவா அருவிவரை சமதளமான பாதை, 1712-ஆம் ஆண்டிலேயே இருந்ததாகப் பதிவுள்ள கண்ணாடித் தொழிற்சாலை, பெருங்கூட்டமும் இல்லை. அடுத்த முறைக்கு அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்லினிலிருந்து பிராக் வரை நேரடி ரயில் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குமேல் ஆகும். பிராக் பிரதான ரயில் நிலையத்தில் மெட்ரோ சி தடத்தில் ஏறி அடுத்த நிறுத்தமான ஃப்ளோரென்ஸில் இறங்குங்கள். அங்கே பி தடத்துக்கு மாறிக் கடைசி நிலையமான செர்னி மோஸ்ட் வரை போகவேண்டும். பெட்ஸ் பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். கோடையில் இருக்கைகள் நிரம்பிவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள். நேரம் பார்க்க ஈடோஸ் என்ற செக் கால அட்டவணைத் தளமே போதும், ரயிலும் பஸ்ஸும் ஒன்றாகவே வரும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ரயில் தாமதமானால் சின்னவளையும் மாமியாரையும் இழுத்துக்கொண்டு மெட்ரோ படிகளில் ஓடவேண்டியிருக்கும்.

தங்குமிடம் விஷயத்தில் ஒரே ஒரு நிபந்தனை: சமையலறை இருக்கவேண்டும். மலை ஊர்ப் பென்ஷன்களில் (சிறு விடுதிகளில்) காலை உணவையும் இரவு உணவையும் சேர்த்துத் தரும் திட்டம் மலிவாகத் தெரியும். இரவு உணவுக்குக் குறித்த நேரம், குறித்த பதார்த்தம். முட்டை சேர்க்காதவருக்கு அந்தப் பணம் வீண். சமையலறையுள்ள அபார்ட்மெண்ட் எடுங்கள், லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். சரிவான நிலத்தில் கட்டிய வீடுகளில் 'தரைத்தளம்' என்பதற்கே பத்துப் பன்னிரண்டு படி ஏறவேண்டியிருப்பது சகஜம். வாடகை போக, ஊராட்சிக்குச் சேரவேண்டிய தங்கல் கட்டணம் தனி. பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு அதிகபட்சம் 50 கொருனா (செக் பணம்). 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை.

இனி சிகரம். பெட்ஸில் 1949 முதல் கம்பியில் தொங்கும் நாற்காலிதான் இருந்தது; 2013-14-இல்தான் நான்கு பேர் உட்காரும் மூடிய பெட்டிகள் வந்தன. பழனி ரோப் காரில் ஏறியவர் என்றால் உங்கள் மாமியாருக்குப் புதிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. காற்று வலுத்தால் பழனியில் நிறுத்துவதுபோல இங்கும் நிறுத்துவார்கள். பாதை இரண்டு பகுதிகளாக இருக்கிறது: பெட்ஸிலிருந்து ரூஷோவா ஹோரா, அங்கிருந்து உச்சி. பெரும்பாலும் காற்றுக்காக நிறுத்தப்படுவது மேல்பகுதிதான். கீழே வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே இது நடக்கும். அதனால் காலையில் அறையைவிட்டுக் கிளம்புமுன், மேல்பகுதி ஓடுகிறதா என்று ரோப் கார் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். நான்கு நாளில் எந்த நாள் தெளிவாக இருக்கிறதோ அதுதான் சிகர நாள். 'முதல் நாளே போய் முடித்துவிடலாம்' என்று கட்டாயமாகத் திட்டமிடாதீர்கள்.

வரிசையும் உண்டு. மலையுச்சியின் செடிகொடிகளைக் காக்க, மணிக்கு 250 பேருக்குமேல் ஏற்ற முடியாதபடி இதை அமைத்திருக்கிறார்கள். காலை முதல் வண்டிகளைப் பிடித்தால் தப்பிக்கலாம், பதினோரு மணிக்குப் போனால் நின்றே முழங்கால் வீங்கிவிடும். பஸ் நிலையத்திலிருந்து ரோப் கார் நிலையம்வரை அரை மணி நேரத்தை ஒட்டிய ஏற்ற நடை. மாமியாருக்கு அதற்கு டாக்ஸி வைத்துவிடுங்கள். அந்தக் காசில் சிக்கனம் வேண்டாம்.

இங்கே பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஏறத்தானே கஷ்டம், இறங்குவது சுலபம் என்று ஒருவழி டிக்கெட் எடுப்பார்கள். முழங்காலுக்கு எதிரி இறக்கம்தான். உச்சியிலிருந்து ரூஷோவா ஹோராவுக்கு இறங்கும் வழி கல்படிகளும் ஒழுங்கற்ற பாறைகளும் நிறைந்தது. மாமியாருக்கும் மகளுக்கும் இருவழி டிக்கெட்டே எடுங்கள், நீங்களும் அவர்களோடு இருங்கள்.

மகனுக்கும் அப்பாவுக்கும் வேறு வழி இருக்கிறது. ஓப்ர்ஷீ தூல் என்ற பள்ளத்தாக்கு வழியாக நீலக் குறிப் பாதையில் ஏறலாம். பனியாறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கு. இருபுறமும் சுவர்போல மலை. ஏழு கிலோமீட்டர் அளவில் நடை, எண்ணூறு மீட்டருக்கும் மேல் ஏற்றம், பையனோடு மூன்றரை நான்கு மணி நேரம் ஆகும். தொடக்கப் பகுதி நல்ல சாலை, தள்ளுவண்டிகூடப் போகும். சிகர நாளைத் தவிர இன்னொரு நாள் எல்லோருமாக அதுவரை உலாவிவிட்டு வரலாம். பிறகு கல்பாதை செங்குத்தாகிறது. 1897 ஜூலைப் பெருமழையில் இந்தச் சரிவுகள் சரிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது; கனமழை அறிவிப்பு இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பாதை தவறவும் வழியில்லை. மரத்திலும் கல்லிலும் வெள்ளை, நிறம், வெள்ளை என மூன்று பட்டைகள் கிடக்கும். 1888-இல் தொடங்கிய செக் நடைப்பயணச் சங்கத்தின் ஆட்கள் தீட்டிப் பராமரிக்கும் குறிகள் அவை. மகனிடம் அடுத்த குறியைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள், புலம்பல் பாதியாகக் குறையும்.

உச்சியில் 17-ஆம் நூற்றாண்டின் வட்டமான தேவாலயம், பறக்கும் தட்டுகளை அடுக்கினாற்போல் போலந்துக்காரர்களின் வானிலை நிலையம், செக் பக்கம் ஒரு சிறிய மர அஞ்சலகம். மகள் தன் கையாலேயே தாத்தாவுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டு முத்திரை குத்தவைக்கட்டும்.

துணிமணி விஷயத்தில் என் பேச்சைத் தட்டாதீர்கள். உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும் இடம் அது. பெட்ஸில் 22 டிகிரி என்றால் மேலே 16, 17. காற்றைச் சேர்த்தால் இன்னும் குளிர். 1913 மார்ச் 24-ஆம் தேதி இந்த மலைத்தொடரில் 50 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடந்தது. காலை இதமாக இருந்ததால் பெயர்பெற்ற வீரர் போகுமில் ஹன்ச் மெல்லிய உடுப்போடு கிளம்பினார். சில மணி நேரத்தில் மழை, அது பனிப்புயலாக மாறியது. வழியில் அவரைப் பார்த்த நண்பர் வாத்ஸ்லாவ் வர்பாட்டா தன் மேலங்கியையும் தொப்பியையும் கழற்றிக் கொடுத்தார். இருவருமே இறந்துபோனார்கள். வர்பாட்டாவின் பெயரைத் தாங்கிய மலைவிடுதி இன்றும் இருக்கிறது. ஆகஸ்ட்டில் பனிப்புயல் வராது என்பது உண்மை. நான்கு வயதுக் குழந்தை நனைந்து நடுங்க மழையும் காற்றும் போதும். ஆளுக்கொரு மழை மேலங்கி, குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி, மாமியாருக்குச் சால்வை போக ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட். புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், உள்ளே கம்பளிக் காலுறையும் பிடிமானமுள்ள ஷூவும் இருந்தால் சரி. செருப்பு வேண்டாம்.

சாப்பாடு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: முட்டை சேர்ப்பவருக்கு இது நல்ல ஊர், சேர்க்காதவருக்குக் கஷ்டம். சைவ உணவென்று எல்லோரும் கைகாட்டும் பொரித்த சீஸ் முட்டையில் தோய்த்தது. கூட வரும் சாஸிலும் முட்டை. உருளைக்கிழங்கு அடையிலும் முட்டை உண்டு, பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். இந்த மலையின் பெருமைக்குரிய கிசெலோ, புளித்த கம்பு மாவும் காளானும் சேர்ந்த சூப். அதன் மேலும் முட்டை. நீங்கள் சேர்ப்பீர்கள் என்றால் அவசியம் சாப்பிடுங்கள், புளித்த கூழ் பிடிக்கிறவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். மாமியாருக்கு உணவகத்தில் நம்பிக் கேட்கக்கூடியவை வெண்ணெயிட்ட அவித்த உருளைக்கிழங்கும், வெள்ளரி, தக்காளி, வெள்ளைச் சீஸ் கலந்த ஷொப்ஸ்கி சாலடும்தான். 'பெஸ் மாசா, பெஸ் வயெட்ஸ்' என்று சொன்னால் இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்பது புரியும். ஒரு சீட்டில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. மற்றதெல்லாம் அறைச் சமையல். அரிசி, பருப்பு, பொடிகள், ஊறுகாய், சின்னக் குக்கர் ஆகியவற்றை பெர்லினிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். தயிர் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். இனிப்பில்லாத வெள்ளைத் தயிரா என்று லேபிளைப் பாருங்கள். உணவகங்களின் சமையலறை இரவில் சீக்கிரம் மூடிவிடும், எட்டு மணிக்குமேல் பசிக்கும் பழக்கமுள்ள குடும்பம் என்றால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள். கொருனா நோட்டுகள் கொஞ்சம் வைத்திருங்கள். ஊரில் கார்டு செல்லும், மலைவிடுதிகளில் எப்போதும் செல்லும் என்று சொல்லமுடியாது.

மீதி நாட்களில் ஒன்றை யான்ஸ்கே லாஸ்னியெவுக்குக் கொடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் வெந்நீரூற்று ஊர். மரங்களின் உச்சியையொட்டிச் சுற்றிச் சுற்றி ஏறும் நடைபாலம் அங்கே இருக்கிறது, படியே இல்லை, சக்கர நாற்காலியும் போகும். உச்சிக் கோபுரத்திலிருந்து கீழே வரக் குழாய்ச் சறுக்கு உண்டு. ஸ்னியெஷ்காவைவிட உங்கள் மகளுக்கு இதுதான் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதே ஊரில் செர்னா ஹோரா மலைக்கு வேறொரு ரோப் கார், மேலே சதுப்பு நிலத்தின் நடுவே மரப்பலகைப் பாதை. பெட்ஸில் காற்று பலமாக இருக்கும் நாளுக்கு இதைக் கையில் வைத்திருங்கள். மாலையில் குழந்தைகளின் கால், கழுத்து, காதுமடல் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிவழி மூளைக்காய்ச்சல் செக் நாட்டில் அதிகம். தடுப்பூசி பற்றி உங்கள் குழந்தை மருத்துவரை இப்போதே கேளுங்கள், பாதுகாப்பு வரவே சில வாரங்கள் பிடிக்கும்.

மாமியாரின் விசா ஜெர்மனி தந்த ஷெங்கன் விசா என்றால் செக், போலந்து இரண்டுக்கும் செல்லும். உச்சியில் எல்லையைத் தாண்ட யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பெர்லின் திரும்பும் ரயிலில் ஜெர்மன் போலீஸ் சோதனை நடப்பதுண்டு. அவருடைய அசல் பாஸ்போர்ட் அவர் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். அவர் போனில் இந்திய ரோமிங் திட்டம் இருந்தால் அதில் போலந்தும் சேர்கிறதா என்று பாருங்கள். உச்சியில் போன் தானாகவே போலந்து சிக்னலுக்குத் தாவும், கணவரையும் மகனையும் மேலே சந்திக்க உங்களுக்கு அந்தப் போன் தேவைப்படும். அவசரத்துக்கு 112, மலை மீட்புப் படைக்கு 1210. இரண்டையும் எல்லோர் போனிலும் பதிந்துகொண்டு, திரும்பும் பஸ் டிக்கெட்டையும் போகும் டிக்கெட்டோடு சேர்த்து இன்றே எடுத்துவிடுங்கள்.